வாசனை மணி

எங்கள் இல்லத்தில் மூக்குக்குத்தான் முதல் மரியாதை. நுரையீரல் கெட்டுப்போனவர்கள் வந்து தங்கித் தேறிப் போகும் இடம் அது. மலைச்சரிவில் இரண்டு மாடிக் கட்டடம், முன்னால் பள்ளத்தாக்கு, மற்ற மூன்று பக்கமும் காடு. கண்ட மரமும் கலந்து நிற்கிற காடு இல்லை. எல்லாமே பிசின் மரம். தப்பித்தவறிப் பட்டையைத் தொட்டுவிட்டால் கையில் ஒட்டிய பிசின் சோப்புக்கும் போகாது, சாம்பலுக்கும் போகாது. அந்த மரங்களின் வாசனை காற்றில் ஏறி வரும்போது வராந்தாவில் தொங்கும் மணியை அடிக்க வேண்டும். மணி அடித்ததும் எல்லா ஜன்னல்களும் திறந்தாக வேண்டும். நடக்க முடிந்தவர்கள் பால்கனிக்கு வருவார்கள். முடியாதவர்களைக் கட்டிலோடு ஜன்னல் ஓரம் தள்ளிக்கொண்டு போவோம். இல்லத்தை நடத்துகிற டாக்டரின் அப்பா காலத்து வழக்கம். வாசனை வந்தால் நல்ல காற்று என்பதில் யாருக்கும் ஒரு நாளும் சந்தேகம் வந்ததில்லை, எனக்கும் சேர்த்துத்தான்.

மணி அடிப்பது, ஜன்னல் திறப்பது இரண்டும் என் வேலை. படுக்கை விரிப்பு, திரைச்சீலை, சலவைக்குப் போய் வரும் துணி எல்லாமும் என் தலையில்தான். அதையெல்லாம் யார் பார்க்கிறார்கள்? பெயர் என்னவோ ஜன்னலம்மா என்றே நின்றுவிட்டது.

அங்கே ஒரு கட்டில் என் தம்பிக்கு. வேலை செய்கிறவர் வீட்டு ஆள் என்று டாக்டர் காசு வாங்காமல் கொடுத்த கட்டில். தம்பி வெல்டர். எண்ணெய்த் தொட்டிகளுக்குள் இறங்கி உள்பக்கம் பற்றவைக்கிற வெல்டர். ஆள் நுழைகிற அளவுக்கு மேலே ஒரு வட்ட ஓட்டை, உள்ளே இறங்கினால் சாயங்காலம்தான் வெளியே வருவான். அத்தனை புகையும் அவனோடு உள்ளேயே இருக்கும். முகமூடி கொடுத்தார்களா என்று என்னிடம் கேட்காதீர்கள், என் வாயில் நல்ல வார்த்தை வராது. அம்மா போன பிறகு அவனை நான்தான் வளர்த்தேன். எனக்கென்று இருந்த ஒரே ஆள். நாற்பது வயதைத் தொடுவதற்குள் படி ஏறினால் நின்று நின்று மூச்சு வாங்குகிற நிலைக்கு வந்துவிட்டான்.

வாய் மட்டும் குறையவில்லை. நான் யாரையாவது திட்டிக்கொண்டு வராந்தாவில் போனால் உள்ளிருந்து குரல் வரும். என் வாய்க்கும் ஒரு ஜன்னல் வைத்துச் சாத்த வேண்டும் என்பான். சொல்லிவிட்டுச் சிரிப்பான், சிரிப்பு இருமலாகும், நான் ஓடிப் போய் முதுகைத் தடவுவேன்.

அந்த நாட்களில் மழை சுத்தமாகக் கையை விரித்துவிட்டது. ஒரு வருஷம் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். வருஷா வருஷம் அதே கதை. வெயில் மட்டும் ஏறிக்கொண்டே போனது. ஆனால் வாசனை! முன்பெல்லாம் மழை பெய்து விட்ட மறுநாள் காலையில், பனி விலகும்போது, மெல்லிசாக வரும். இப்போது பட்டப்பகலில் குப்பென்று அடித்தது. தினமும் மணி அடித்தேன். சில நாள் இரண்டு தடவை. டாக்டருக்குத் தலைகால் புரியவில்லை. அப்பா காலத்தில்கூட இப்படி ஒரு வாசனை வந்ததில்லை என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொன்னார். ஊர் ஊராகச் செய்தி பரவி, கட்டில் கிடைக்காமல் ஆட்கள் காத்துக் கிடந்தார்கள்.

அப்போதுதான் மூக்குக்காரி வந்தாள். அந்தப் பெயர் தம்பி வைத்தது. காற்றில் என்னென்ன கலந்திருக்கிறது என்று அளக்கிற படிப்பு படித்தவள். மொட்டைமாடி அறையில் குடியேறி, காட்டுக்குள் ஒரு கம்பத்தில் அளக்கும் பெட்டிகளில் பாதியையும் எங்கள் மாடியில் மீதிப் பெட்டிகளையும் வைத்தாள். வெள்ளைக் குழாய்கள் எங்கே பார்த்தாலும் நீட்டிக்கொண்டிருந்தன. வந்த அன்றே என் வேலையில் மூக்கை நுழைத்தாள். மாடிப் படியில் எலுமிச்சை வாசனை போட்ட தரை திரவம் கூடாது. வாசனைத் தலையெண்ணெய் தேய்த்துக்கொண்டு மேலே வரக்கூடாது. ஆரஞ்சுப் பழத்தை மாடியில் உரிக்கவே கூடாது, ஒரு தோல் உரித்தால் அவள் மெஷின் காடே பக்கத்தில் வந்துவிட்டதாக நினைத்துக்கொள்ளுமாம். அவள் மெஷினுக்காக நான் தலை வாராமல் திரிய வேண்டுமா என்று கேட்டேன். வாரிக்கோங்க, எண்ணெய் மட்டும் வேண்டாம் என்றாள். கோபமே வரவில்லை அவளுக்கு. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

ஒரு நாள் மத்தியானம் மணி அடித்துவிட்டு முற்றத்தில் இறங்கி நின்று பார்த்தேன். எல்லா ஜன்னலும் திறந்துவிட்டதா என்று அண்ணாந்து பார்ப்பது என் வழக்கம். கீழ்வரிசை திறந்திருந்தது, மேல்வரிசை திறந்திருந்தது. மொட்டைமாடி அறையில் ஒரு கை நீண்டு, திறந்திருந்த ஜன்னலை இழுத்துச் சாத்தியது.

மணி அடித்துத் திறக்கிற ஜன்னல் தெரியும். மணி அடித்துச் சாத்துகிற ஜன்னலை அன்றுதான் பார்த்தேன். மேலே போனேன், சண்டைக்குத்தான் போனேன். கதவைத் தட்டியபோது அவள் ஈரத் துணியைக் கதவு இடுக்கில் வைத்து அடைத்துக்கொண்டிருந்தாள்.

இது என்ன கூத்து என்று கேட்டேன். அவள் முதலில் மழுப்பினாள். நான் விடுகிற ஆளா? பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். கடைசியில் அவள் சொன்னாள்.

“அக்கா, அது வாசனை இல்ல. காய்ச்சல்.”

மரத்துக்குக் காய்ச்சலா என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. தண்ணீர் இல்லாமல் வெயிலில் காய்கிற மரத்தில் பிசின் உருகி ஆவியாகிக்கொண்டே இருக்கும் என்றாள். அளவாக வந்தால் அந்த வாசனையில் ஒரு தப்பும் இல்லை, காடு காலங்காலமாகச் செய்வதுதான். இப்போது வருவது அளவே இல்லாமல் வருகிறது. கீழே புதிதாகப் போட்ட சாலையில் நாள் முழுக்க லாரி ஏறுகிறது, எங்கள் சமையலறைக்குப் பின்னால் மின்சாரம் போகும்போதெல்லாம் ஜெனரேட்டர் ஓடுகிறது. அந்தப் புகையும் இந்த வாசனையும் வெயிலில் சேர்ந்து வெந்தால் ஓசோன் உண்டாகும்.

ஓசோன் நல்லது என்றுதானே எல்லோரும் சொல்கிறார்கள் என்றேன்.

“வானத்துல மேல இருந்தா நல்லது. மூக்குக்கிட்ட இருந்தா நுரையீரலச் சுட்டுடும்.”

மீதி வாசனை காற்றிலேயே கெட்டியாகி, தூசியைவிடச் சின்னத் துகளாக மாறி நிற்குமாம். மத்தியானத்தில் காட்டுக்கு மேல் நீலமாக ஒரு மூட்டம் கட்டுமே, வருகிறவர்களெல்லாம் ஆகா ஆகா என்று படம் பிடிப்பார்களே, அது அதுதானாம். இருமலே இல்லாதவனுக்கும் அது ஆகாது, இங்கே இருப்பவர்களுக்குக் கேட்கவே வேண்டாம் என்றாள். முன்பெல்லாம் ஏன் இப்படி ஆகவில்லை என்று கேட்டேன்.

“எலையில சின்னச் சின்ன ஓட்டை இருக்கும்க்கா. நல்ல காலத்துல மரம் அது வழியா காத்துல இருக்கற அழுக்கையும் கொஞ்சம் உள்ள இழுத்துக்கும். இப்ப இருக்கற ஈரமும் போயிடக்கூடாதுன்னு எல்லாத்தையும் மூடிடுச்சு. மரமே ஜன்னலச் சாத்திடுச்சு. நீங்க தொறக்கறீங்க.”

நான் கீழே இறங்கி ஓடினேன். மற்றவர்களை நினைத்தா ஓடினேன்? பொய் சொல்ல மாட்டேன். தம்பி கட்டிலை ஜன்னல் ஓரம் தள்ளிவிட்டு வந்ததே நான்தான்.

அன்று சாயங்காலமே டாக்டரிடம் போனேன். இதைக் கேட்டால் மனிதர் ஆடிப்போய்விடுவார் என்று நினைத்துக்கொண்டு போனேன், என் புத்தியைச் சொல்ல வேண்டும். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்தப் பெண் வந்த புதிதிலேயே சொல்லிவிட்டாள், இன்னும் கொஞ்ச நாள் அளந்து பார்க்கட்டும் என்றார். அதுவரை மணி அடிக்காமல் இருக்கலாமே என்றேன்.

“மணி அடிக்கலன்னா இங்க யாரும்மா வருவாங்க? வாசனைக்காகத்தான் வர்றாங்க. ஆள் வரலன்னா இந்த எடத்த மூடணும். மூடினா உங்க தம்பிய எங்க கொண்டுபோய் வெப்பீங்க?”

மிரட்டுகிற குரலில் சொல்லவில்லை. உண்மையாகவே அக்கறையாகக் கேட்டார். அக்கறையாகக் கழுத்தைப் பிடிக்கத் தெரிந்த மனிதர். தம்பியின் அறையைத் தவிர எங்களுக்கு இந்த உலகத்தில் வேறு கூரை இல்லை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

சரி, நோயாளிகளிடமே சொல்லிப் பார்ப்போம் என்று பக்கத்து அறைப் பாட்டு வாத்தியாரிடம் ஆரம்பித்தேன். குரல் போய், மூச்சு போய் வந்திருந்த மனிதர். நான் சொல்லி முடிக்கும் வரை கேட்டுவிட்டு, வாழ்க்கையில் மிச்சமிருப்பதே இந்த வாசனை ஒன்றுதான், அதிலும் மண்ணை அள்ளிப் போடாதே என்றார். அடுத்த அறை அம்மாள் இன்னும் ஒரு படி மேலே போய், நான் ஜன்னல் திறக்கச் சோம்பல்பட்டுக் கதை கட்டுகிறேன் என்று டாக்டரிடம் புகார் சொன்னாள். நல்லதைச் சொல்லப் போய் வாங்கிக் கட்டிக்கொண்டது அதோடு போதும் என்று ஆகிவிட்டது. யாரும் எக்கேடும் கெட்டுப் போகட்டும், என் தம்பி ஜன்னலையாவது சாத்துகிறேன் என்று முடிவு செய்தேன்.

அவன் ஒத்துக்கொண்டால்தானே.

முதல் நாள் சாத்தியபோது அவன் முகமே வேறு மாதிரி ஆகிவிட்டது. கட்டில் சட்டத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சுவரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். வியர்த்து ஊற்றியது. எனக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை வருஷம் தொட்டிக்குள் கிடந்தவன். மூடிய இடம் என்றால் அவனுக்கு அந்தத் தொட்டிதான்.

“அடச்சு வெக்காதக்கா. எனக்கு வெளிய பாக்கணும். செத்தாலும் பரவால்ல, தொட்டிக்குள்ள மட்டும் வேணாம்.”

நான் அழுதேன், திட்டினேன், மறுபடி அழுதேன். கடைசியில் ஒரு ஒப்பந்தம் செய்துகொண்டோம். விடியற்காலையில் காற்று தெளிவாக இருக்கும் என்று மூக்குக்காரி சொல்லியிருந்தாள். அப்போது திறந்து வைப்பது, வெயில் ஏறுவதற்குள் சாத்துவது, பொழுது சாய்ந்து மூட்டம் கலைந்த பிறகு மறுபடி திறப்பது. சாத்தியிருக்கிற நேரத்தில் நான் போய்ப் போய்ப் பேச்சுக் கொடுக்க வேண்டும். வெளியே என்ன நடக்கிறது என்று நான்தான் அவனுக்குச் சொல்ல வேண்டும். லாரி ஏறுகிறது, பாட்டு வாத்தியார் தூங்கி வழிகிறார், சமையல்காரர் மூக்குக்காரிக்குப் பயந்து ஆரஞ்சை ஒளித்துத் தின்கிறார் என்று ஒன்றுவிடாமல் சொல்வேன். வேண்டுமென்றே கொஞ்சம் கூட்டியும் சொல்வேன். அவன் ஜன்னலைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருப்பான். வெயில் மூர்க்கமாக இருந்த அந்த மாதங்களில் அவன் இருமல் கூடவில்லை. பக்கத்து அறைகளில் கூடியது. இந்தக் கோடையைத் தாண்டிவிட்டால் பிழைத்துக்கொள்வான் என்று மூக்குக்காரி சொன்னாள். நான் நம்பினேன். அந்தக் கோடை ஒன்றைத் தாண்டினால் போதும் என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

அப்படி இருக்கும்போதுதான் டாக்டருக்குப் படம் எடுக்கிற ஆசை வந்தது. புது விளம்பரத்துக்கு இல்லத்தின் முன்புறப் படம் வேண்டும். அத்தனை ஜன்னலும் திறந்திருக்க வேண்டும், ஒவ்வொரு ஜன்னலிலும் ஒரு சிரித்த முகம் தெரிய வேண்டும், பின்னால் காடு, காட்டுக்கு மேல் அந்த நீலம். கீழே ஊரிலிருந்து படக்காரனை வரவழைத்திருந்தார். தம்பியின் அறை முன்வரிசையில் நட்ட நடுவில்.

நான் மணி அடித்தேன். எல்லா ஜன்னலும் திறந்தது. நடுவில் ஒன்று மட்டும் சாத்தியிருந்தது. பல்வரிசையில் ஒரு பல் விழுந்த மாதிரி இருக்கிறது என்று படக்காரன் சொன்னான். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் முடியாது என்றேன். அத்தனை பேர் முன்னால், முற்றத்தில் நின்றுகொண்டு, முடியவே முடியாது என்றேன். வேலையை விட்டு அனுப்புவதென்றால் அனுப்பிக்கொள்ளுங்கள் என்றும் சொன்னேன். கோபத்தில் என் குரல் எவ்வளவு தூரம் போகும் என்று எனக்குத் தெரியாதா என்ன?

மேலே அவனுக்குக் கேட்டுவிட்டது. தாழ்ப்பாள் நகரும் சத்தம் வந்தது. ஜன்னல் திறந்தது. தம்பி சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு வந்து நின்றான், தலையைக்கூட வாரியிருந்தான்.

“கத்தாதக்கா. ஒரு படம்தான? எடுத்துட்டுப் போகட்டும்.”

நான் படியேறி ஓடியிருக்க வேண்டும் என்று நினைப்பீர்கள். ஓடினேன். டாக்டர் என் பின்னாலேயே வந்து, அவனே விருப்பப்பட்டு நிற்கிறான், உங்களுக்காகத்தான் நிற்கிறான், வேலையைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள் என்று படியில் மறித்துக்கொண்டு பேசினார். ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிடும் என்றார். முடியவில்லை. படக்காரனுக்கு நீலம் பத்தவில்லை. இன்னும் கொஞ்சம் வெயில் ஏறட்டும், மூட்டம் நன்றாகக் கட்டட்டும் என்று குடைக்கு அடியில் உட்கார்ந்து காத்துக்கொண்டிருந்தான். அந்த எழவு மூட்டம் திரண்டு வர வேண்டும் என்று அத்தனை பேரும் மலையைப் பார்த்துக் காத்திருந்தார்கள். மூக்குக்காரி மாடியிலிருந்து இறங்கி வந்து, மெஷினில் அளவு எங்கேயோ ஏறி நிற்கிறது, எல்லோரையும் உள்ளே போகச் சொல்லுங்கள் என்று டாக்டரிடம் கெஞ்சினாள். படம் எடுத்து முடித்ததும் சொல்கிறேன் என்றார்.

நான் ஒரு வழியாக அறைக்குள் போய்ச் சேர்ந்து கையைப் பிடித்து இழுத்தபோது தம்பி நகரவில்லை. எனக்காக நின்றான் என்றுதான் டாக்டர் சொன்னார். அது பாதிதான். எத்தனையோ நாள் கழித்து நடுப்பகலில் வெளியே பார்க்கிறான். அவன் கண் காட்டைவிட்டு எடுபடவே இல்லை. எவ்வளவு வெளிச்சம் பார்த்தியா அக்கா என்று மட்டும் சொன்னான். என்னால் அதற்குப் பிறகு இழுக்க முடியவில்லை. பக்கத்தில் நின்றேன். படத்தில் என் தோள் கொஞ்சம் தெரியும்.

பொழுது சாய்ந்த பிறகு இருமல் ஆரம்பித்தது. மூச்சு உள்ளே போக மறுத்தது. எங்களிடம் இருந்த ஆக்சிஜன் எல்லாம் பிடித்தும் அடங்கவில்லை. கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அந்த வாரம் முடியவில்லை, அவன் முடிந்துவிட்டான்.

துக்கம் விசாரிக்க வந்தவர்களெல்லாம் ஒரே வார்த்தையைச் சொன்னார்கள். கடைசி வரை நல்ல காற்றைச் சுவாசித்தானே, அந்த மட்டில் புண்ணியம் செய்தவன் என்றார்கள். பாட்டு வாத்தியார்கூட என் கையைப் பிடித்துக்கொண்டு அதையே சொன்னார். என் வாய்க்கு ஜன்னல் வேண்டும் என்பானே, அன்றைக்குத்தான் அது தானாகச் சாத்திக்கொண்டது. டாக்டர் அழுதார். உண்மையான அழுகைதான். அழுதுவிட்டு, ஏற்கெனவே நுரையீரல் முழுசாகப் போயிருந்தது என்று எல்லோரிடமும் சொன்னார். விளம்பரம் அச்சாகி வந்தது.

அடுத்த வருஷம் காடு செத்தது. முதலில் உச்சி பழுத்தது, பிறகு வண்டு விழுந்தது, பிறகு மலை முழுக்கத் துருப்பிடித்த தகரம் மாதிரி ஆனது. அதற்கப்புறம் மழை பெய்தது. யாருக்குப் பெய்தது என்று மேகத்தைத்தான் கேட்க வேண்டும். வாசனை அடியோடு நின்றுபோனது. கட்டில்கள் காலியாக ஆரம்பித்ததும் டாக்டர் எங்கிருந்தோ பிசின் மர எண்ணெய் டப்பா டப்பாவாக வரவழைத்தார். வராந்தாவில் மின்விசிறிக்கு முன்னால் தட்டில் ஊற்றி வைத்துவிட்டு மணி அடிக்கச் சொன்னார். நான் அடிக்கிறேன். அடிக்காமல் வேறு எங்கே போவேன்? வருகிறவர்கள் மூச்சை இழுத்துவிட்டு ஆகா என்கிறார்கள். வரவேற்பறைச் சுவரில் அந்தப் படம் பெரிதாக மாட்டியிருக்கிறது. நடு ஜன்னலில் என் தம்பி சிரிக்கிறான். அந்த நீலத்தைப் பார்த்துத்தான் எல்லோரும் மயங்குகிறார்கள்.

போன வாரம் மூக்குக்காரி பெட்டிகளைக் கழற்றிக்கொண்டு போக வந்தாள். குழாய்களைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள், என் முகத்தைப் பார்க்கவே இல்லை. என்னவோ சொல்ல வந்து விழுங்குகிறாள் என்று தெரிந்தது. சொல்லித் தொலை என்றேன்.

“அளவெல்லாம் எறங்கிடுச்சுக்கா. பிசின் இல்ல, பொகையோட சேர்ந்து வேகறதுக்கு ஒண்ணும் இல்ல. இப்ப இங்க காத்து நல்லா இருக்கு.”

எவ்வளவு நல்லா என்று கேட்டேன். அவள் கையிலிருந்த குழாயைக் கீழே வைத்தாள்.

“உங்க தம்பி மாதிரி இருக்கறவங்க நாள் பூரா ஜன்னலத் தொறந்து வெச்சுக்கலாம்.”

அவளை அடிக்க வேண்டும் போல இருந்தது. அவள் அழுததால் விட்டுவிட்டேன்.

மத்தியானம் டாக்டர் சொன்ன நேரத்துக்கு மணி அடித்தேன். கீழ்வரிசையைத் திறந்தேன், மேல்வரிசையைத் திறந்தேன், கடைசியாக அவன் அறைக்குப் போனேன். அங்கே இன்னும் ஆள் வரவில்லை, விரிப்பு போடாத மெத்தை சுருட்டிக் கிடந்தது. வராந்தா வாசனை உள்ளே வராமல் கதவைச் சாத்திவிட்டு ஜன்னலை அகலமாகத் திறந்தேன். வெளியே மொட்டை மரங்கள், எட்டிய வரை வெளிச்சம். நீலம் துளிகூட இல்லை. கட்டில் சட்டத்தில் உட்கார்ந்து மூச்சை இழுத்துப் பார்த்தேன். ஒரு வாசனையும் இல்லாமல், எங்கேயும் தடுக்காமல், அடிவயிறு வரை போனது.

எனக்கு எதற்கு இந்தக் காற்று?